டிஜிட்டல் பியானோவில் கட்டைச் சத்தம், ஒழுங்கில்லாத டச்: போர்டையே மாற்றத்தான் வேண்டுமா?

வெண்ணாற்றங்கரை (ஞாயிறு, இரவு)

வணக்கம். நீடாமங்கலம் பக்கம் இருக்கிறேன். மகள் ஒன்பதாம் வகுப்பு, ஐந்து வருடமாகப் பியானோ கற்றுக்கொள்கிறாள். வீட்டில் இருப்பது 88 கட்டை டிஜிட்டல் பியானோ, ஹாமர் ஆக்‌ஷன். அதாவது உள்ளே சுத்தியல் போன்ற எடை இருந்து, அசல் பியானோ போலக் கட்டை கனமாக இறங்கும். செகண்ட் ஹேண்டில் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. முதல் இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை. இந்தத் தை அறுவடைக்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது.

முதலில் சத்தம். நடுவில் இருக்கிற ஏழெட்டுக் கட்டைகளை அழுத்தினால் அடியில் போய் ‘டொக்’ என்று இடிக்கின்றன. அவள் ஹெட்போன் போட்டுக்கொண்டு வாசிக்கும்போது எங்களுக்குப் பாட்டு கேட்காது, இந்த டொக் டொக் மட்டும் கேட்கும், அடுக்களையில் யாரோ பாக்கு இடிப்பது போல. நாங்கள் மாடியில் இருக்கிறோம். கீழ் வீட்டுப் பெரியவர் மரியாதையாக இரண்டு தடவை சொல்லிவிட்டார். அப்புறம் டச். நடு சி கட்டைக்கு மேலே இருக்கிற எஃப் ஷார்ப் கட்டையை எவ்வளவு மெதுவாகத் தொட்டாலும் சில சமயம் பளீரென்று அலறுகிறது. பக்கத்தில் ஏ கட்டை அதற்கு நேர் எதிர், ஓங்கி அழுத்தினாலும் முனகுகிறது, சில நேரம் சத்தமே இல்லை. டி கட்டை கிறீச்சிடுகிறது, மேலே எழும்பி வரவும் தாமதம்.

ரிப்பேர்க்காரர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டினோம். பத்து நிமிடம் வாசித்துப் பார்த்துவிட்டு, திறக்காமலே, போர்டு (உள்ளே இருக்கிற மின்சுற்றுப் பலகை) போய்விட்டது, மாற்ற 18 ஆயிரம் ஆகும் என்றார். ஆகஸ்டில் அவளுக்கு கிரேடு தேர்வு. மெதுவாக வாசிக்க வேண்டிய இடத்தில் அந்த எஃப் ஷார்ப் வந்துவிடும் என்ற பயத்தில் அவள் கையை இறுக்கமாக வைத்துக்கொள்ளப் பழகிவிட்டாள், அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை. உண்மையிலேயே போர்டுதானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


குடந்தை ஹார்மோனியம் (ஞாயிறு, இரவு)

திறந்தே பார்க்காமல் போர்டு என்று சொன்னதை நான் ஏற்க மாட்டேன். நீங்கள் சொல்வது ஒரு நோய் இல்லை, இரண்டு மூன்று தனித்தனி நோய். கட்டை இடிக்கிற சத்தம் வேறு, டச் ஏறி இறங்குவது வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால்தான் போர்டு என்ற முடிவுக்கு வருவோம்.

காசு செலவில்லாமல் நாளைக்கே நான்கு சோதனை செய்துபாருங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு எல்லாக் கட்டைகளையும் அழுத்துங்கள். அப்போதும் டொக் வந்தால் அது மரம், பிளாஸ்டிக், ஃபெல்ட் (இடி தாங்க ஒட்டுகிற மெத்தென்ற துணி) சம்பந்தப்பட்டது, மின்சாரத்துக்கும் அதற்கும் உறவில்லை. இரண்டாவது, கரெண்ட் போட்டு ஹெட்போனில் கேளுங்கள். ஸ்பீக்கரில் மட்டும் அதிர்வு வந்து ஹெட்போனில் வராவிட்டால் ஸ்பீக்கர் வலையோ பெட்டியின் ஸ்க்ரூவோ தளர்ந்திருக்கிறது. மூன்றாவது, டிரான்ஸ்போஸை (எல்லாக் கட்டைகளின் சுருதியையும் ஒரே அளவு நகர்த்தும் வசதி) ஒரு படி ஏற்றிவிட்டு அதே எஃப் ஷார்ப் கட்டையை அழுத்துங்கள். இப்போது அதில் ஜி ஒலிக்கும். அலறல் அந்தக் கட்டையிலேயே நின்றால் கோளாறு கட்டைக்குக் கீழே. ஸ்வரத்தோடு சேர்ந்து பக்கத்துக் கட்டைக்கு நகர்ந்தால் உள்ளே இருக்கிற ஒலிப்பதிவிலோ பெட்டியிலோ. கடைசியாக டச் செட்டிங்கை ‘ஃபிக்ஸட்’ என்று மாற்றிப் பாருங்கள், அதில் எப்படி அழுத்தினாலும் ஒரே அளவு சத்தம்தான் வரும். முனகுகிற ஏ கட்டை அப்போது மற்றவைக்குச் சமமாக ஒலித்தால் தொடர்பு இருக்கிறது, வேகக் கணக்குதான் தப்புகிறது.

முடித்துவிட்டு எழுதுங்கள். அதுவரை யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.


நாகை சர்வீஸ் (திங்கள், காலை)

மேலே சொன்ன சோதனைகள் சரி. அந்த எஃப் ஷார்ப் ஏன் அலறுகிறது, ஏ ஏன் முனகுகிறது என்பது தெரிந்துவிட்டால் உங்களுக்குப் பயம் போய்விடும் என்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

கட்டைக்கு அடியில் தராசு எதுவும் கிடையாது. எவ்வளவு பலமாக அழுத்தினோம் என்று அது அளப்பதில்லை, எவ்வளவு வேகமாக இறங்கியது என்று அளக்கிறது. ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ரப்பர் குமிழ் ஒன்று, அதற்குள் கருப்பு கார்பன் பொட்டு இரண்டு, ஒன்று சற்று முந்தியும் ஒன்று சற்றுப் பிந்தியும் கீழே இருக்கிற பலகையைத் தொடுகிற மாதிரி. சில மாடலில் மூன்று இருக்கும், அது கட்டை முழுக்க மேலே வராமலே அதே ஸ்வரத்தைத் திரும்ப வாசிப்பதற்காக. முதல் பொட்டு தொட்டதற்கும் இரண்டாவது தொட்டதற்கும் இடையில் எத்தனை மில்லி நொடி ஆனது என்பதுதான் கணக்கு. இடைவெளி குறைந்தால் பலமான அடி, கூடினால் மென்மையான தொடல். இதை 1 முதல் 127 வரை ஒரு எண்ணாக மாற்றி ஒலிக்குக் கொடுக்கிறது, 1983இல் வந்த மிடி (மின்னணு இசைக்கருவிகள் ஒன்றோடொன்று தகவல் பரிமாறும் முறை) என்பதில் இன்றைக்கும் அதே எண்தான்.

நம் பக்கத்து வழக்கில் சொன்னால், வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு வேகமாக வருகிறது என்று பார்க்க மேல் மதகில் ஒரு லஸ்கரும் (மதகைத் திறந்து மூடும் பணியாளர்) கீழ் மதகில் ஒரு லஸ்கரும் நேரம் குறித்துக்கொள்கிறார்கள் என்று வையுங்கள். மேல் மதகு ஆள் கண் அசந்து தாமதமாகக் குறித்தால் என்ன ஆகும்? தண்ணீர் பாய்ந்து வந்தது போலக் கணக்கில் தெரியும். கீழ் மதகு ஆள் தாமதித்தால் தண்ணீர் ஊர்ந்து வந்தது போலத் தெரியும். தண்ணீர் வந்தது என்னவோ ஒரே வேகத்தில்தான்.

உங்கள் எஃப் ஷார்ப்பில் முதல் பொட்டில் அழுக்கு, அது தாமதமாகத் தொடுகிறது, அதனால் இடைவெளி குறைந்து அலறல். ஏ கட்டையில் இரண்டாவது பொட்டில் அழுக்கு, இடைவெளி கூடி முனகல், சில சமயம் தொடவே இல்லை என்பதால் மௌனம். பார்க்காமல் இவ்வளவு உறுதியாகச் சொல்லக் கூடாதுதான், ஆனால் நான் திறந்த பெட்டிகளில் முக்கால்வாசி இப்படித்தான் இருந்தன.

போர்டு என்றால் அடையாளம் வேறு மாதிரி இருக்கும். வரிசையாக ஒரு தொகுதி முழுக்கப் போயிருந்தால் ரிப்பன் கேபிளை (பலகைகளை இணைக்கிற தட்டையான கம்பிப் பட்டை) பார்க்க வேண்டும். எட்டுக் கட்டைக்கு ஒன்று என்று சீரான இடைவெளியில் போயிருந்தால் கட்டைகளை வரிசை வரிசையாகத் தேடும் மின்பாதையில் ஒரு கம்பியோ டயோடோ போயிருக்கலாம். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் தூசி.


வெண்ணாற்றங்கரை (திங்கள், இரவு)

சார், லஸ்கர் உதாரணம் என் அப்பாவுக்கே புரிந்துவிட்டது. சோதனை முடிவுகள் இதோ.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டொக் அப்படியே வருகிறது. கிறீச்சும் அப்படியே. ஸ்பீக்கர், ஹெட்போன் இரண்டிலும் எஃப் ஷார்ப் அலறுகிறது. டிரான்ஸ்போஸ் செய்தாலும் அதே கட்டையில்தான் நிற்கிறது. ஃபிக்ஸட் போட்டால் எஃப் ஷார்ப் ஒழுங்காகிவிட்டது, ஏ கட்டை பத்துக்கு ஏழு தடவை ஒழுங்காக ஒலிக்கிறது, மூன்று தடவை மௌனம்.


மன்னை அக்கா (செவ்வாய், மதியம்)

நான் மன்னார்குடியில் பிள்ளைகளுக்குக் கீபோர்டும் பியானோவும் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு விஷயம் மட்டும் சேர்க்கிறேன். ‘அலறுகிறது’, ‘முனகுகிறது’ என்று காதால் சொல்வதை எண்ணால் சொல்ல வழி இருக்கிறது. பியானோவின் பின்பக்கம் பிரிண்டருக்குப் போடுகிற சதுர முனை கேபிள் சொருகும் ஓட்டை இருக்கும். அதிலிருந்து ஓடிஜி முனை (போனில் யுஎஸ்பி கேபிள் சொருக உதவும் இணைப்பு) வைத்து போனில் இணைத்து, மிடி மானிட்டர் என்று தேடினால் கிடைக்கிற இலவச ஆப் ஏதாவது ஒன்றைப் போட்டால், ஒவ்வொரு கட்டைக்கும் வெலாசிட்டி எண், அதாவது நாகை சார் சொன்ன அந்த 1 முதல் 127 வரையிலான எண், திரையில் வரும். 88 கட்டைக்கும் குறித்துவைத்தால் திறப்பதற்கு முன்னாலும் பின்னாலும் ஒப்பிடலாம்.

ஆனால் விரலால் அழுத்தி அளக்காதீர்கள். கோளாறு இருக்கிற கட்டை என்று தெரிந்தால் விரல் தானாக வேறு மாதிரி போகும். உங்கள் மகள் கையை இறுக்குவதும் அதனால்தான், அவள் தப்பு இல்லை, அதற்காக அவளைத் திட்டாதீர்கள். ஒரே எடையை ஒரே உயரத்திலிருந்து விடுங்கள். பத்து ரூபாய் நாணயம் ஏறக்குறைய 7.7 கிராம். பத்து நாணயத்தை அடுக்கி செலோடேப் சுற்றினால் 77 கிராம் குண்டு ஒன்று கிடைத்துவிடும். நாணயம் இன்னொன்றுக்கும் உதவும். மேலே ஏறி வரத் தாமதிக்கிற அந்த டி கட்டையின் முனையில் ஒவ்வொரு நாணயமாக வையுங்கள், எத்தனையாவது நாணயத்தில் தானாக இறங்குகிறது என்று பாருங்கள், பக்கத்துக் கட்டையோடு ஒப்பிடுங்கள். இடது கோடியில் கட்டைகள் இயல்பாகவே கனமாக இருக்கும், வலது கோடியில் லேசாக இருக்கும், அது ஹாமர் ஆக்‌ஷனின் அமைப்பு, அதைக் கோளாறு என்று எண்ணிவிட வேண்டாம். பக்கத்துக் கட்டையோடு மட்டும் ஒப்பிட வேண்டும்.

தஞ்சாவூரில் வீணைக்கு மேளம் கட்டுகிறவர்கள் மெழுகில் 24 மெட்டையும் ஒவ்வொன்றாக வைத்து, தந்தியை அழுத்திக் கேட்டு, அரை நூல் நகர்த்தி, மறுபடி கேட்டு உட்காருவார்கள். அந்தப் பொறுமைதான் இதற்கும் வேண்டும்.


வெண்ணாற்றங்கரை (செவ்வாய், இரவு)

அக்கா, மிக்க நன்றி. மகளும் நானும் உட்கார்ந்து செய்தோம், அவள்தான் நோட்டில் எழுதினாள். நாணயக் குண்டை இரண்டு விரல் உயரத்திலிருந்து விட்டோம், ஒவ்வொரு கட்டைக்கும் நான்கு தடவை. நடுவில் இருக்கிற நல்ல கட்டைகள் எல்லாம் 57க்கும் 65க்கும் இடையில். எஃப் ஷார்ப் 119, 127, 61, 124. ஏ கட்டை 22, 31, எதுவும் இல்லை, 28. இது தவிர நாங்கள் கவனிக்காத இரண்டு கட்டைகளும் மாட்டின, மேலே இருக்கிற ஈ ஒன்று 90க்குப் போகிறது, கீழே பி ஒன்று 44, 71, 40 என்று ஆடுகிறது.

நாணயம் வைத்துப் பார்த்ததில் டி கட்டைக்குப் பக்கத்தில் இருப்பவை எட்டு ஒன்பது நாணயத்தில் இறங்குகின்றன. டி கட்டை பதின்மூன்று கேட்டது. எடுத்த பிறகும் சோம்பலாக எழுகிறது.


பாபநாசம் தம்பி (செவ்வாய், இரவு)

அண்ணே, துரு நீக்குகிற ஸ்ப்ரே ஒன்று பைக் கடையில் கிடைக்கும், அதைக் கட்டை இடுக்கில் நீளக் குழாய் வைத்து அடித்தால் கிறீச்சும் போகும் அழுக்கும் போகும். என் கீபோர்டில் அடித்தேன், உடனே சரியானது.


நாகை சர்வீஸ் (புதன், காலை)

தம்பி, கோபமாகச் சொல்வதாக நினைக்காதே, ஆனால் இதை நான் அழுத்தமாகவே சொல்ல வேண்டும். அந்த ஸ்ப்ரே வேண்டாம். அதில் இருக்கிற எண்ணெய் கார்பன் பொட்டில் படிந்து, நம் ஊர்த் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முதல் வாரம் நன்றாக இருக்கும், மூன்றாவது மாதம் பத்துக் கட்டை போகும். சில பிளாஸ்டிக்குக்கும் ரப்பருக்கும் அது ஆகாது. உன் கீபோர்டில் இப்போது எப்படி இருக்கிறது என்று பார்த்து எழுது.

தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், மண்ணெண்ணெய், பெயிண்ட் தின்னர் எதுவும் கூடாது. கொரோனா காலத்து சானிடைசர் மிச்சம் இருக்கிறதே என்று எடுக்க வேண்டாம், பலவற்றில் கிளிசரின் இருக்கும், காய்ந்த பிறகு பிசுபிசுக்கும். எறும்பு இருக்கிறது என்று பூச்சி மருந்தை உள்ளே அடிக்கிறவர்களும் உண்டு, அதுவும் இதே கதைதான். ஐசோபிரோபைல் ஆல்கஹால் 99 சதவீதம் என்று எலக்ட்ரானிக்ஸ் கடையில் கேட்டு வாங்குங்கள். அது ஒன்றே போதும்.


பாபநாசம் தம்பி (புதன், காலை)

சார், போய்ப் பார்த்தேன். நான் அடித்தது மாசியில். இப்போது நான்கு கட்டை ஒட்டிக்கொண்டு எழும்புகிறது, வெயில்தான் காரணம் என்று நினைத்திருந்தேன். நானும் திறந்து துடைக்கிறேன்.


குடந்தை ஹார்மோனியம் (புதன், மாலை)

டொக் சத்தத்துக்கு வருவோம், ஏனென்றால் கான்டாக்டை, அதாவது பொட்டும் பலகையும் தொடுகிற இடத்தை, துடைத்தால் அது போகாது. கட்டை கீழே இறங்கி முட்டுகிற இடத்திலும், மேலே எழுந்து முட்டுகிற இடத்திலும், உள்ளே இருக்கிற ஹாமர் விழுகிற இடத்திலும் நீளமாக ஃபெல்ட் பட்டை ஒட்டியிருப்பார்கள். வருடக்கணக்கில் அடிபட்டு அது அமுங்கிப் பள்ளமாகும். பிள்ளைகள் பெரும்பாலும் நடுவில் இருக்கிற மூன்று ஸ்தாயியில்தான் வாசிப்பார்கள், அதனால் நடுவில்தான் முதலில் தேயும். உங்களுக்கும் நடுவில்தான் டொக் வருகிறது.

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக ஹார்மோனியம் பார்க்கிறோம். அந்தத் தைரியத்தில் எனக்கு வந்த முதல் டிஜிட்டல் பியானோவில், ஃபெல்ட் தேய்ந்திருக்கிறதே, கொஞ்சம் தடியாகவே போட்டால் சத்தம் இன்னும் குறையும் என்று 2 மில்லிமீட்டர் கூடுதலான ஃபெல்ட்டை ஒட்டினேன். சத்தம் குறைந்தது உண்மை. ஆனால் பியானோக் கட்டை இறங்குகிற ஆழமே மொத்தம் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர்தான். அதில் இரண்டை நான் தின்றுவிட்டதால் இரண்டாவது பொட்டு சரியாகத் தொடவில்லை, மெதுவாக வாசித்தால் பாதி ஸ்வரம் விழுங்கிப்போனது. அந்தப் பெட்டிக்குச் சொந்தக்காரர் சர்ச்சில் வாசிக்கிறவர், ஞாயிறு ஆராதனையில் நடுவில் அவர் பட்ட அவஸ்தையை இன்றைக்கும் மறக்கவில்லை. மறுபடி எல்லாவற்றையும் பிரித்து, பழைய கனத்தையே அளந்து போட்டேன்.

அதனால் புது ஃபெல்ட் வாங்குவதற்கு முன் ஒரு வழி. இரண்டு கோடியிலும் இருக்கிற கடைசி ஸ்தாயிகளில் ஃபெல்ட் புதிது போலவே இருக்கும், யாரும் அங்கே வாசிப்பதில்லை. அந்தத் துண்டை எடுத்து நடுவில் போட்டு, நடுவில் இருந்ததைக் கோடிக்கு அனுப்புங்கள். கனம் மாறாது, காசும் இல்லை. துண்டு துண்டாக இல்லாமல் ஒரே நீளப் பட்டையாக இருந்தால் அரைக் கட்டை அகலம் பக்கவாட்டில் நகர்த்தி ஒட்டினாலே பள்ளம் விலகிப் புது இடம் கட்டைக்குக் கீழே வந்துவிடும். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் கம்பளி ஃபெல்ட் கேளுங்கள். பள்ளிக் கைவேலைக்கு விற்கிற நைலான் ஃபெல்ட் ஒரு மாதத்தில் அமுங்கிவிடும்.


நாகை சர்வீஸ் (புதன், இரவு)

திறக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படித்துவிட்டுத் திறங்கள். உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவல் கிடைத்தால் அதுதான் வேதம், ஏனென்றால் கட்டையைக் கழற்றும் வரிசை மாடலுக்கு மாடல் மாறும்.

பிளக்கைப் பிடுங்கி அரை மணி விடுங்கள். கவிழ்க்க இரண்டு பேர் வேண்டும். தரையில் ஜமக்காளம் விரித்து, பெட்டியின் இரண்டு ஓரத்துக்கும் தலையணை கொடுத்து அதன் மேல் கவிழுங்கள், கட்டைகள் மேல் பாரம் இறங்கவே கூடாது. அடியில் ஸ்க்ரூ நிறைய இருக்கும், நீளமும் தடிமனும் வேறு வேறு. நீள ஸ்க்ரூவைக் குட்டையின் இடத்தில் போட்டால் மறுபக்கம் குத்திவிடும். ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ எடுங்கள்.

கான்டாக்ட் பலகையைக் கழற்றியதும் ரப்பர் பட்டையை மெல்ல உரித்தெடுங்கள், ஏறக்குறைய ஒரு ஸ்தாயிக்கு ஒரு பட்டை இருக்கும். எந்தப் பட்டை எந்த இடம், எந்தப் பக்கம் மேலே என்று பென்சிலால் குறியுங்கள். பலகையை, நூல் விடாத துணியில் ஆல்கஹால் நனைத்து ஒரே திசையில் மெதுவாகத் துடையுங்கள், தேய்க்க வேண்டாம். கருப்புப் பொட்டைக் காது குடையும் பட்ஸால் ஒற்றி எடுங்கள். அது கார்பன், அழுத்தித் தேய்த்தால் உரிந்துவிடும், அப்புறம் உண்மையிலேயே பட்டை மாற்ற வேண்டி வரும். பென்சில் ரப்பர், உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். விரலால் தொடாதீர்கள், கை எண்ணெய் போதும் திரும்பக் கெடுக்க.

டி கட்டையின் கிறீச்சுக்குக் காரணம் காய்ந்த கிரீஸாக இருக்கும். பழையதைத் துணியால் முழுக்கத் துடைத்துவிட்டு பிளாஸ்டிக்குக்கு ஏற்ற சிலிக்கான் கிரீஸ் கடுகளவு. அந்தக் கடுகு கான்டாக்டில் படக் கூடாது, ஃபெல்ட்டிலும் படக் கூடாது. கிரீஸ் வேலை செய்த கையைக் கழுவாமல் ரப்பர் பட்டையைத் தொடாதீர்கள்.


வெண்ணாற்றங்கரை (ஞாயிறு, மாலை)

திறந்துவிட்டோம். காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தது.

ஸ்க்ரூவுக்கு என் மனைவி இட்லித் தட்டு எடுத்துக்கொடுத்தார். ஒவ்வொரு குழியிலும் ஒரு வகை, குழிக்குப் பக்கத்தில் மாஸ்க்கிங் டேப்பில் இடத்தின் பெயர். இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை, யார் திறந்தாலும் இதைச் செய்யுங்கள்.

உள்ளே பார்த்ததைச் சொல்ல வேண்டும். நடுக் கட்டைகளுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் பஞ்சு போலத் தூசி, அதற்குள் பொடிப்பொடியாக வைக்கோல் துணுக்கு. ஒரு நெல் பதரும் இருந்தது, முனையில் சுணை அப்படியே நீட்டிக்கொண்டு. எங்கள் ஜன்னலுக்கு நேரே களம், தையில் அறுப்பு மெஷின் ஓடினால் வீடே மங்கிவிடும், பியானோ அந்த ஜன்னலை ஒட்டித்தான் இருந்தது. இடது ஓரத்தில் பல்லி முட்டை ஓடு இரண்டு. பூஜை அலமாரியும் அதே சுவரில்தான், விளக்குப் புகையின் எண்ணெய்ப் பசை தூசியோடு சேர்ந்து தோல் மாதிரி படிந்திருந்தது. எஃப் ஷார்ப் குமிழை உரித்து டார்ச் அடித்துப் பார்த்தோம். இரண்டு பொட்டில் ஒன்று மினுமினுப்பாக, மற்றொன்றின் மேல் முடி போல ஒரு வைக்கோல் நார் குறுக்கே ஒட்டிக்கிடந்தது. அவ்வளவுதான் சார், அந்த ஒரு நார். 18 ஆயிரம் ரூபாய் போர்டு என்றார்களே, அந்த நாரை மகள் சாமணத்தால் எடுத்து வெள்ளைக் காகிதத்தில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

ஃபெல்ட் குடந்தை அண்ணன் சொன்னபடியே. நடுவில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு பள்ளம், விரலால் தடவினால் படிக்கட்டு மாதிரி இருந்தது. எங்களுடையது ஒரே நீளப் பட்டை, அரைக் கட்டை நகர்த்தி ஒட்டினோம்.

எல்லாம் மாட்டி, கரெண்ட் போட்டால், ஐயோ, நன்றாக இருந்த ஜி கட்டை இப்போது மௌனம், பக்கத்தில் ஜி ஷார்ப் அலறுகிறது! இன்றைக்கே யாராவது பதில் சொன்னால் நன்றாக இருக்கும், அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.


நாகை சர்வீஸ் (ஞாயிறு, மாலை)

பதற வேண்டாம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கட்டை என்றால் அந்த இடத்தில் ரப்பர் பட்டை சரியாக உட்காரவில்லை. பட்டையில் சின்னச் சின்ன முளைகள் இருக்கும், அவை பலகையின் ஓட்டைக்குள் முழுக்க இறங்க வேண்டும். மழுங்கிய பல்குத்தியால் ஒவ்வொரு முளையையும் மேலிருந்து மெல்ல அமுக்குங்கள், அல்லது மறுபக்கத்திலிருந்து இடுக்கியால் கிழியாமல் இழுங்கள். குமிழ் ஒன்று மடங்கியிருக்கலாம், ஒவ்வொன்றையும் விரல் நகம் படாமல் தட்டிப் பாருங்கள், ஒரே மாதிரி எழும்ப வேண்டும். மூடுவதற்கு முன்பே கேபிளை மாட்டி எண்ணைப் பாருங்கள், அப்போது திரும்பத் திறக்க வேண்டியிருக்காது. ஆனால் மின்சாரம் இருக்கும்போது அடாப்டர் பக்கம் கை போகக் கூடாது, பவர் சப்ளை பெட்டிக்குள்ளேயே இருக்கிற மாடல் என்றால் மூடிவிட்டுத்தான் கரெண்ட் போட வேண்டும்.


வேதாரண்யம் உப்பளம் (திங்கள், காலை)

தாமதமாக வருகிறேன். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பிறகு எங்கள் வீட்டில் பல நாள் மின்சாரம் இல்லை, ஓடு பறந்த அறையில் கீபோர்டு துணி மூடிக் கிடந்தது. மழை உள்ளே இறங்கவே இல்லை, ஆனாலும் திறந்து பார்த்தபோது ரிப்பன் கேபிள் முனைகளில் பச்சை பூத்திருந்தது. உப்புக் காற்றில் ஈரம் சேர்ந்தால் செம்பு அப்படித்தான் ஆகும். எங்களுக்கு ஒரு தொகுதி முழுக்கக் கட்டைகள் போயிருந்தன, முனையைக் கழற்றித் துடைத்து மாட்டியதும் வந்துவிட்டன. ஐப்பசி கார்த்திகையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைக் கட்டை மூடிக்குள் வைக்கிறேன், நீலமோ ஆரஞ்சோ நிறம் மாறினால் புதிது. மூட பிளாஸ்டிக் ஷீட் வேண்டாம், உள்ளே வியர்க்கும். தடித்த பருத்தித் துணி போதும். வாரத்துக்கு இரண்டு நாளாவது எல்லாக் கட்டையையும் வாசிக்கச் சொல்லுங்கள், சும்மா கிடந்தால்தான் இன்னும் கெடுகிறது.


மன்னை அக்கா (திங்கள், மதியம்)

கீழ் வீட்டுப் பெரியவரையும் மறந்துவிடாதீர்கள். ஃபெல்ட் சரியானாலும் கொஞ்சம் தட்டல் ஸ்டாண்டு வழியாகத் தரைக்குப் போகும், அங்கிருந்து கூரை வழியாக அவர் தலைக்கு மேல். காதில் விழுவதைவிட அது காலில்தான் உணரப்படும். ஸ்டாண்டின் காலுக்குக் கீழே தடித்த ரப்பர் விரிப்பு, ஜிம்மில் போடுகிற மாதிரி, அதற்கு மேல் ஒரு பழைய கம்பளம். ஸ்டாண்டு போல்ட்டு எல்லாவற்றையும் ஒரு சுற்று முடுக்குங்கள். எக்ஸ் வடிவ ஸ்டாண்டு என்றால் முடிந்தபோது மாற்றுங்கள், அது ஆடுவதே பாதி டச்சைக் கெடுக்கும்.

சரி, ஜி கட்டை என்ன ஆயிற்று?


வெண்ணாற்றங்கரை (திங்கள், இரவு)

மன்னிக்க வேண்டும், நேற்று இரவு பதினொன்றரை வரை அதிலேயே இருந்துவிட்டு எழுத முடியாமல் போனது. நாகை சார் சொன்னதேதான். ஜி குமிழுக்குப் பக்கத்தில் ஒரு முளை இறங்காமல் பட்டை லேசாக உப்பியிருந்தது. பல்குத்தியால் அமுக்கியதும் ‘டப்’ என்று உட்கார்ந்தது கையில் தெரிந்தது.

மறுபடி நாணயக் குண்டு விட்டு எல்லாவற்றையும் எழுதினோம். எஃப் ஷார்ப் 60, 62, 59, 61. ஏ 58, 60, 60, 57. மேல் ஈ 63. டி கட்டை இப்போது ஒன்பதாவது நாணயத்தில் இறங்குகிறது, எடுத்ததும் உடனே எழுகிறது, கிறீச் இல்லை. டொக் முழுக்கப் போகவில்லை, ஆனால் கதவை மூடினால் கூடத்தில் கேட்காது. ரப்பர் விரிப்பு திருவாரூரில் சொல்லி வைத்திருக்கிறேன். பியானோவை ஜன்னலிலிருந்தும் பூஜை அலமாரியிலிருந்தும் எடுத்து உள் அறைக்கு மாற்றிவிட்டோம். செலவு ஆல்கஹால், கிரீஸ், பட்ஸ் எல்லாம் சேர்த்து 640 ரூபாய்.

கீழே இருக்கிற பி மட்டும் இன்னும் 50, 66, 52 என்று ஆடுகிறது. அதை மகள் பொறுத்துக்கொள்கிறேன் என்கிறாள், தேர்வுப் பாடத்தில் அந்தக் கட்டை இரண்டே இடத்தில்தான் வருகிறதாம். இன்று சாயங்காலம் அந்த மெதுவான பகுதியை வாசித்தாள். எஃப் ஷார்ப் வருகிற இடத்தில் வழக்கம் போலத் தோளைத் தூக்கினாள், கட்டை மென்மையாகவே ஒலித்தது, நிறுத்திவிட்டு அதே ஒரு கட்டையை மட்டும் பத்துப் பதினைந்து தடவை தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.


நாகை சர்வீஸ் (செவ்வாய், காலை)

பி கட்டைக்கு அந்த ரப்பர் பட்டையே தேய்ந்திருக்கலாம். பட்டையின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணை அனுப்புங்கள், தேடித் தருகிறேன். தேர்வு முடியும்வரை திறக்க வேண்டாம்.


வெண்ணாற்றங்கரை (செவ்வாய், இரவு)

திறந்தபோது எடுத்த போட்டோவில் அந்த எண் தெரிகிறது சார், தனியாக அனுப்பியிருக்கிறேன். ஆகஸ்டு கடைசி ஞாயிறு திறக்கிறோம். இட்லித் தட்டை அதுவரை எடுக்கக் கூடாது என்று மகள் டேப்போடு எடுத்து வைத்திருக்கிறாள்.